சேசிஸ் 1174

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். விலை, டயர், பெயர்மாற்றம் எல்லாம் அப்புறம். உள்ளங்கையால் அல்ல, புறங்கையால். ஜில்லென்று இருந்தால் விற்கிறவர் நேர்மையானவர். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஒருமுறை ஓடவிட்டு எதையோ மறைத்திருக்கிறார். ஆறிய இன்ஜின் கிளம்பும்போதுதான் அதன் நோயெல்லாம் வெளியே தெரியும். சூட்டை நான் எப்போதும் நம்பியதில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, சார். பேசாமல் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. என் மனைவி என்னை ஒரு பேச்சை முழுதாக முடிக்க விட்டதே இல்லை.

என் பிழைப்பு லேத் பட்டறை. ஆனால் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் வண்டி பார்க்கிறவன். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஸ்போர்ட்ஸ் பைக் எதையும் வாங்குவதற்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஹேண்டிலைக் கடைசிவரை திருப்பி, அது முட்டி நிற்கும் இடத்தில் நசுங்கல் உண்டா என்று பார்ப்பேன். இருந்தால் வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது. போல்ட் தலைகளில் தொழிற்சாலைக்காரன் வைத்த மஞ்சள் கோடு உடைந்திருந்தால், யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். வாய் கிழியப் பேசுகிறவன் எத்தனை பேரை ஏமாற்றினாலும் வண்டி என்னிடம் உண்மையைக் கக்கிவிடும். பதினெட்டு வருடங்களில் வண்டியைப் பற்றி நான் ஒரே ஒருமுறைதான் பொய் சொன்னேன். அதற்கு வருகிறேன்.

என்னிடம் ஒரு வண்டி இருக்கிறது. இப்போது உங்களிடம் இருக்கிறது. இருநூற்றைம்பது சிசிக்குள் நான்கு சிலிண்டர். ஜப்பான்காரர்கள் தங்கள் நாட்டுக்குள் மட்டும் விற்பதற்காகச் செய்தது. இந்தப் பக்கம் அது முழு வண்டியாக வராது. பழைய இரும்பு என்ற பெயரில் சேசிஸ் தனியாக, இன்ஜின் தனியாக வந்து இறங்கும். இறக்குகிற ஆளை நாங்கள் கன்டெய்னர் என்றுதான் கூப்பிடுவோம். உடம்பும் ஏறக்குறைய அந்த அளவுதான். அவரிடம் நான் வாங்கிய சேசிஸின் கழுத்தில் அடித்திருந்த எண் 1174. அதில் அவர் பூட்டிக் கொடுத்த இன்ஜினில் வேறு ஏதோ எண்.

“இதோட சொந்த இன்ஜின் எங்கண்ணே?” என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்? பத்து வந்துச்சு, பத்தும் பத்துப் பேர் கைக்குப் போயிடுச்சு. ஓடுதுல்ல, ஓட்டிக்கிட்டுப் போ. நம்பரைப் பத்திக் கவலைப்படாத, அந்தக் கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான்னா...”

அவர் மேலே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதினோரு வருடங்கள் அந்த இன்ஜினை வைத்து ஓட்டினேன். குறை சொல்ல முடியாத இன்ஜின். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து துடைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும்: இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை. ஒரே கூரையின் கீழ் பிறந்த இரண்டை எவனோ வெட்டிப் பிரித்து வேறு வேறு மூட்டையில் கட்டிவிட்டான், ஒன்று என்னிடம் நிற்கிறது, மற்றது எங்கோ அநாதையாகக் கிடக்கிறது. ஊரில் எந்த வண்டியைப் பார்த்தாலும் குனிந்து இன்ஜின் எண்ணைப் படிப்பது பழக்கமாகிவிட்டது. கல்யாண வீட்டு வாசலில்கூடக் குனிவேன்.

“அந்த நம்பரையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க. என்னை எதுக்குக் கட்டினீங்க?” என்றாள் மனைவி. ஒரு நாள் மகளைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து வருடம் ஆகிறது. சேர்ந்து இருக்க வேண்டியவர்களைப் பிரிப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று அன்று ராத்திரி பூராவும் யோசித்தேன். வண்டியைப் பற்றித்தான் யோசித்தேன் என்று இப்போது நினைவுக்கு வருகிறது.

இனி டாக்டர். பல் டாக்டர். நல்ல மனிதர். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். என் கடைவாய்ப் பல் இரண்டு வாரமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் போனேன். நாற்காலியைச் சாய்த்துவிட்டு, “வலிச்சா இடது கையைத் தூக்குங்கண்ணே, அந்த நிமிஷமே நிறுத்திடுவேன்” என்றார். நான் இரண்டு முறை தூக்கினேன். இரண்டு முறையும் நிறுத்தினார். வாயைக் கொப்பளிக்கும்போது பேச்சு வண்டிப் பக்கம் போயிற்று. அவர் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு ஆசைப்பட்டு, ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தார். கொஞ்சம் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பல்லுக்குக் காசு வாங்க மறுத்த மனிதருக்கு எப்படி மாட்டேன் என்பது?

விற்கிறவர் வீட்டுக்கு இருவரும் போனோம். என் வண்டியைப் போலவே இன்னொன்று, சிவப்பும் வெள்ளையும். புறங்கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. மண்டியிட்டு, இன்ஜின் பக்கவாட்டில் படிந்திருந்த எண்ணெய்க் கசடைத் துணியால் துடைத்தேன். 1174.

எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுவது என்று சொல்வார்களே, அது மகள் பிறந்தபோதுகூட எனக்கு வரவில்லை. டாக்டர் பின்னாலிருந்து, “என்னண்ணே, மோசமா?” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “விட்டுடுங்க டாக்டர். உள்ள எல்லாம் போயிடுச்சு. பார்க்கத்தான் பவுசு” என்றேன். அதுதான் அந்த ஒரு பொய். அவர் வேண்டாமென்று விட்டிருந்தால் மறுநாள் காலையில் நான் போய் வாங்கியிருப்பேன். கதை அதோடு முடிந்திருக்கும்.

அவர் வாங்கிவிட்டார். “மனசு கேக்கலண்ணே. கெட்டுப்போனா நீங்க இருக்கீங்கல்ல?” என்றார். நான் பொய் சொன்னேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்தவர் அதற்கு முன் யாருமில்லை.

ஏழு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் வீட்டு ஷெட்டில் அந்த இன்ஜினைப் பார்த்துக்கொண்டேன். நான்கு முறை கேட்டேன். என் இன்ஜினை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுடையதை எனக்குக் கொடுங்கள், மாட்டிக் கொடுப்பதும் என் வேலை என்றேன். அவர் ஒவ்வொரு முறையும் சிரித்தார். “நல்லா ஓடுற ரெண்டு இன்ஜினை ஒரு நம்பருக்காகப் பிரிச்சுப் போடணுமா? நீங்க வேற!” அவர் என்னைக் கேலி செய்யவில்லை. புரியவில்லை, அவ்வளவுதான். பல் டாக்டருக்கு எந்தப் பல் எந்த வாயில் முளைத்தது என்பது முக்கியமில்லை போலிருக்கிறது.

பிறகு ஒரு நாள் புது ஆசை வந்துவிட்டது. இன்ஜின் கவசம் முழுவதையும் கண்ணாடி மாதிரி பஃபிங் செய்யப்போவதாகச் சொன்னார்.

“நம்பர் தேஞ்சு போயிடும், டாக்டர்.”

“போகட்டுமே. வண்டிப் புத்தகத்துல எப்படியும் வேற இன்ஜின் நம்பர்தானே இருக்கு? இன்ஜின் நம்பரை யாரு குனிஞ்சு பார்க்கப்போறா, உங்களைத் தவிர?”

திங்கட்கிழமை பஃபிங் பட்டறைக்குப் போவது என்றும், ஞாயிற்றுக்கிழமை நானும் அவருமாக இன்ஜினை இறக்கிவிடுவது என்றும் முடிவாயிற்று. நான் சரி என்றேன். வாக்குவாதம் எனக்குப் பிடிக்காது.

அன்று காலை ஒன்பதரைக்குப் போனேன். என் இன்ஜினை ஏற்கெனவே என் வீட்டுச் சங்கிலிக் கப்பியில் தூக்கிக் கழற்றி, புது எண்ணெய் ஊற்றி, வேனில் ஏற்றியிருந்தேன். கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்கத்தான். அது திட்டமிட்ட செயல் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். முன்யோசனை என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும்.

ஐந்தாவது முறையும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “அண்ணே, உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு. போய் அண்ணியைக் கூட்டிக்கிட்டு வாங்க. அந்தப் பிள்ளையைப் பாருங்க. இது வெறும் இரும்பு” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அது அலுமினியம் என்று நான் திருத்தவில்லை.

கப்பி இல்லாத இடத்தில் வண்டியிலிருந்து இன்ஜினை இறக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். அதனால் இறக்கி முடிக்கும்வரை பொறுத்துக்கொண்டேன். ஜாக்கியைத் தாழ்த்தி, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஒரு கீறல் விழாமல் பழைய மெத்தைமேல் வைத்தோம். அவர் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மார்க்கர் பேனாவை எடுத்து, தேய்க்க வேண்டிய இடங்களைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தார்.

கைக்குப் பக்கத்தில் டார்க் ரெஞ்ச் இருந்தது. அதை எடுக்கவில்லை. அது அளவுக் கருவி, எதன்மேலாவது மோதினால் அளவு கெட்டுவிடும். இறுகிய போல்ட்டைக் கழற்றுகிற இரண்டடிக் கம்பியை எடுத்தேன். முதல் அடி வலது காதுக்கு மேலே. அவர் ஒருக்களித்துச் சாய்ந்தார். பேனா மட்டும் கையிலேயே இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகவோ பயமாகவோ பார்க்கவில்லை, ஏதோ கேட்க நினைத்து வார்த்தை மறந்துபோனவர் மாதிரி பார்த்தார். அப்புறம் இடது கையைத் தூக்கினார்.

எதற்குத் தூக்கினார் என்று எனக்குத் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. இரண்டாவது அடியில் அந்தக் கை முறிந்தது, மூன்றாவதில் தாடை. ரத்தத்தோடு இரண்டு பற்கள் தரையில் உருண்டு ஜாக்கியின் சக்கரத்தில் போய் நின்றன. இன்ஜின்மேல் தெறிக்காமல் இருக்க இடையில் போய் நின்றுகொண்டேன். சத்தம் அடங்கியதும் மண்டியிட்டு அவர் கழுத்தில் புறங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. சூட்டை நான் நம்புவதில்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். மண்டை ஓடு உள்ளே போகும்வரை இன்னும் நான்கு முறை அடித்தேன்.

“பஃபிங்குக்கு என்று வாங்கிக்கொண்டு போய் மாற்றியிருக்கலாமே, ஓர் உயிர் மிஞ்சியிருக்குமே” என்று முந்தாநாள் கேட்டீர்கள். அதன் பெயர் திருட்டு, சார். என் வாழ்க்கையில் நான் ஒரு வாஷரைக்கூடத் திருடியதில்லை. அவர் உயிரோடு இருக்கும்வரை அது அவருடைய இன்ஜின். என் இன்ஜினை அவருடைய மெத்தைமேல் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஷெட்டுக்குள் நிறுத்தியிருந்த வேனிலிருந்து பலகை வைத்து அதைச் சறுக்கி இறக்கிக்கொண்டிருந்தபோது ஷட்டருக்கு வெளியே அவர் மனைவி வந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

“அண்ணே, இன்னும் முடியலையா? அவர் சத்தத்தையே காணோம்?”

“அடியில படுத்திருக்காரும்மா. கையெல்லாம் அழுக்கு.”

“சோறு ஆறிப்போகுது. சீக்கிரம் வரச் சொல்லுங்க. நீங்களும் வாங்க.”

“சொல்றேம்மா.”

கால்கள் திரும்பிப் போயின. சொல்கிறேன் என்று சொன்னதால், டாக்டர் பக்கம் குனிந்து, “உங்களைச் சாப்பிடக் கூப்பிடறாங்க” என்று சொன்னேன். பிறகு அதே பலகை வழியாக 1174-ஐ வேனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அந்தம்மாவை நான் ஒன்றும் செய்யவில்லை. அவரிடம் எனக்கு வேண்டியது எதுவும் இல்லை.

மறுநாள் மதியம் உங்கள் ஆட்கள் என் வீட்டுக் கதவைத் தட்டியபோது கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் கொடுங்கள் என்றேன். நீங்கள் கொடுத்தீர்கள், அதை நான் மறக்க மாட்டேன். ஜில்லென்றிருந்த இன்ஜின் முதல் அழுத்தலிலேயே கிளம்பியது. நீங்கள்கூட ஒரு நிமிடம் நின்று கேட்டீர்கள். பதினோரு வருடம் கழித்து இரண்டும் ஒன்றாகப் பேசியது போலிருந்தது.

நேற்று நீங்கள் காட்டிய கடிதத்துக்கு வருகிறேன். தொழிற்சாலைக்கே எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். என்மேல் அவ்வளவு அக்கறை எடுத்துக்கொள்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அங்கே சேசிஸுக்கு ஒரு கூடம், இன்ஜினுக்கு ஒரு கூடமாம். இரண்டு இடத்திலும் அவரவர் வரிசைப்படி எண் அடிப்பார்களாம். கடைசியில் எது கைக்கு வருகிறதோ அதை எதனோடும் பூட்டுவார்களாம். ஒரு வண்டியில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருப்பது அவர்கள் வழக்கமே இல்லையாம். கன்டெய்னர் அன்று சொல்ல வந்தது அதுதான் போலிருக்கிறது. 1174 என்ற அந்த இன்ஜின் வேறு ஏதோ சேசிஸில் பிறந்தது. டாக்டருக்கும் எனக்கும் நடுவில் சண்டை போட ஒன்றுமே இருந்ததில்லை.

“சும்மா ஒத்துப்போன ஒரு நம்பருக்காகவா அந்த மனுஷனை...” என்று ஆரம்பித்து, நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். கடிதத்தைப் படித்துவிட்டு நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை. டாக்டருக்காக அழுதேன் என்று சேர்த்திருக்கிறீர்கள். அதை அப்படியே இருக்க விடுங்கள், படிக்க நன்றாக இருக்கிறது.

என்னால் இனி யாருக்கும் தொந்தரவு வராது என்று சொல்லும்படி வக்கீல் சொன்னார். சொல்கிறேன். நான் சாதுவான ஆள்தான், நீங்களே பார்க்கிறீர்கள். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கன்டெய்னர் இறக்கிய அந்தப் பத்து இன்ஜின்களில் பாக்கி எல்லாம் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்று அவரிடம் விசாரித்தீர்களா? என் சேசிஸோடு உண்மையிலேயே பூட்டி அனுப்பிய இன்ஜின் எது என்று கடிதத்தின் கடைசி வரியில் போட்டிருந்தார்களே. 1391. எழுதித் தர வேண்டாம், சார். எண் எனக்கு மறக்காது.