சொல்லிக்கொண்டு போனவர்

ட்ர்ர்ர்ர்ர்…

கதவு மணி. ஒரு தடவைதான். ஆனால் நீளமாக.

மாலை ஐந்து மணி. நவம்பர் மாதம் என்பதால் வெளியே கும்மிருட்டு, கூடவே மழை. ஜேர்மனியில், லிப்பே ஆற்றோரச் சிற்றூர் ஒன்றின் கடைசித் தெரு அது. தெருவின் கடைசி வீடு ஒரு சட்டத்தரணியின் அலுவலகம். அதற்கு அப்பால் விளக்குக் கம்பம் கிடையாது. புல்வெளி, ஒரு மண்பாதை, பாதை முடிகிற இடத்தில் கால்வாய். அவ்வளவுதான். அந்த மழையில் அந்தப் பக்கமிருந்து யாரும் வருவதில்லை.

அன்று வந்தவர் அந்தப் பக்கமிருந்துதான் வந்தார்…

இதை எங்களுக்குச் சொன்னவன் யூட்சன். வுப்பர்டாலில் ஒரு கலியாணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். நடுராத்திரி. நெடுஞ்சாலையில் பனி கொட்டி, முன்னால் லொறி ஒன்று குறுக்கே சரிந்து, எல்லாம் அடைபட்டுப்போயிற்று. எஞ்சினை நிறுத்தினால் குளிர். ஓடவிட்டால் டீசல் தீர்ந்துவிடும் என்ற பயம். வான் வண்டிக்குள் ஏழு பேர் கோட்டுகளுக்குள் சுருண்டு கிடந்தோம்.

"ஒரு கதை சொல்லட்டோ? என்ர அக்கா வீட்டில நடந்தது," என்றான் யூட்சன். "ஆனா ஒருத்தரும் சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டம். குளிரில பல்லு அடிச்சா அதுக்கு நாங்கள் பொறுப்பில்லை," என்றார் உருத்திரமூர்த்தி அண்ணை.

யூட்சனின் அக்கா பெயர் அஞ்சலா. அவளுடைய கணவன் லக்ஸன்தான் அந்தச் சட்டத்தரணி. ஒன்பது வயதில் பெற்றோருடன் அகதியாக வந்தவன். ஜேர்மன் பள்ளிக்கூடம், ஜேர்மன் பல்கலைக்கழகம், முப்பது தாண்டியதும் சொந்த அலுவலகம். கீழே அலுவலகம், மேலே வீடு. அஞ்சலா யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்து வந்தவள். ஒரே மகள் லிசா. மூன்று பேர் குடும்பம்.

சின்ன ஊர் வக்கீலுக்கு என்ன வழக்கு வரும்? வேலி தாண்டி வளர்ந்த ஆப்பிள் கிளை. வாடகை வீட்டில் குரைக்கிற நாய். சிவப்பு விளக்கைக் கவனிக்காத டிராக்டர். இடையிடையே தமிழர்கள் வருவார்கள், அகதி வழக்கோடும் கையில் ரோல்ஸ் பலகாரப் பொதியோடும். அவனை யாரும் சட்டத்தரணி என்று அழைப்பதில்லை. "அப்புக்காத்துத் தம்பி" என்பார்கள். அப்புக்காத்து என்றால் வக்கீல் என்று அஞ்சலா வந்து சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரியும். அதுவரை ஏதோ கேலி என்று நினைத்திருந்தான். அவனுடைய தமிழ் அப்படி. சாப்பாட்டு மேசையில் பொறுக்கிய தமிழ்.

அந்த மாலை உதவியாளர் போய்விட்டாள். மணி கேட்டதும் லக்ஸன் நிமிர்ந்து பார்க்காமலே பொத்தானை அழுத்தினான். தெருக்கதவு திறந்தது.

சளக்… சளக்… சளக்…

நனைந்த சப்பாத்தின் சத்தம். வந்து நின்றவர் அல்பேர்ட்.

மன்னார்க் கடலில் மீன் பிடித்தவர். நாற்பது வயது இருக்கும். அகதித் தஞ்சம் கேட்ட அவருடைய வழக்கு செப்டம்பரில் தோற்றுப்போனது. வாதாடியவன் லக்ஸன். அதற்குப் பிறகு முகாமில் ஆளைக் காணவில்லை. பிரான்ஸுக்குப் போய்விட்டார் என்று பேச்சு.

"அல்பேர்ட் அண்ணை, எங்க இருந்தனீங்கள்? தலை துவட்டத் துவாய் தரட்டோ?"

சுவரோரக் கதிரையில் உட்கார்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அறை முழுக்க ஒரு வாடை… சேறும் படகு டீசலும் கலந்த வாடை. அவர் கண்ணிமைக்காமல் லக்ஸனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது. லக்ஸன் பேசி முடித்துத் திரும்பினான். அவர் விடைபெற எழுந்து நின்றார்.

"போட்டு வாறன், தம்பி."

சளக்… சளக்… கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை பொலிஸிலிருந்து அழைப்பு. கால்வாய் மதகில் ஓர் உடல் சிக்கியிருக்கிறது, சட்டைப் பையில் உங்கள் முகவரி அட்டை இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்றார்கள்.

போனான். பார்த்தான். அல்பேர்ட்தான்.

கடலில் பிறந்து வளர்ந்த மனிதன், கால்வாயில். விழுந்தாரா, இறங்கினாரா, அது யாருக்கும் தெரியாது. "தண்ணீரில் இரண்டு வாரமாவது கிடந்திருக்கிறார்," என்றார் பொலிஸ்காரர். 'நேற்று என் அலுவலகத்துக்கு வந்தாரே' என்று லக்ஸன் வாய் திறந்தான்… மூடிக்கொண்டான்.

அன்று மாலை மணியின் கம்பியைக் கழற்றி வைத்தான். கழற்றிய கம்பி மேசையில் கிடந்தது.

ட்ர்ர்ர்ர்ர்…

பொத்தானை அவன் தொடவில்லை. பூட்டு தானாகவே 'க்ளக்' என்றது. அதே நடை. அதே கதிரை. அதே பார்வை. அதே சொல்.

"போட்டு வாறன், தம்பி."

வாறன் என்று சொன்னபடி வந்தார். தினமும் ஐந்து மணிக்கு வந்தார். சனி, ஞாயிறு இல்லை. வெள்ளிக்கிழமை அலுவலகம் மத்தியானத்தோடு மூடிவிடும், வெள்ளியும் இல்லை.

"பேய்க்கும் நேரம் குறிச்ச டெர்மீன் இருக்கோ?" என்று இருட்டுக்குள் உருத்திரமூர்த்தி அண்ணை கேட்டார்.

"ஜேர்மனியில டெர்மீன் இல்லாமல் ஆர் போகலாம்?" என்றது பின் இருக்கை.

யூட்சன் சிரிக்கவில்லை. நாங்களும் நிறுத்திக்கொண்டோம்.

லக்ஸன் அந்தக் கதிரையைத் தூக்கிக் குப்பைக்குப் போட்டான். அடுத்த நாள் அவர் அடுத்த கதிரையில் உட்கார்ந்தார். ஆப்பிள் கிளைக் கிழவர் வந்து மூக்கைச் சுளித்து, "இங்கே ஏதாவது மீன் செத்துக் கிடக்கிறதா?" என்று கேட்டார். லக்ஸனுக்கு வேலை ஓடவில்லை. நாய்க்காரிக்கு எழுத வேண்டியதை டிராக்டர்காரருக்கு எழுதினான். உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான். நாலரை ஆனதும் கழுத்து வியர்த்தது.

அவனால் அலுவலகத்தை மூடிவிட்டு ஓடவும் முடியாது. டிசம்பரில் இன்னொரு வழக்கு இருந்தது. அல்பேர்ட்டின் தங்கை அன்ரனிற்றா. அண்ணனோடு ஒரே படகில் தப்பியவள். அதே கதை, அதே நீதிபதி. தோற்றால் கொழும்புக்கு விமானம். அவள் வந்து எதிரே உட்கார்ந்து அழாமல் சொன்னாள்:

"எங்கட அண்ணா இங்க மண்ணுக்குள்ள கிடக்கிறார். என்னை அங்க அனுப்பினா அடுத்த நாளே பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். நீங்கள் என்ன செய்வீங்களோ தெரியாது, லக்ஸன் அண்ணா."

அவன் அவளுடைய அண்ணனின் தீர்ப்பை மறுபடி எடுத்து விரித்தான்.

ஒரு மாலை அஞ்சலா தேநீருக்குக் கூப்பிடப் படியிறங்கி வந்தாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள். யாரையும் அவள் காணவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

"ஆரப்பா வந்தது?"

"ஒருத்தருமில்லை."

"பொய் சொல்லாதேங்கோ. 'போட்டு வாறன்' எண்டது கேட்டுது. சளக் சளக் எண்டு நடந்து போனதும் கேட்டுது." வந்து கதிரையைத் தொட்டாள். கையை எடுத்துப் பார்த்தாள். விரலில் சேறு.

அவன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். "ஒவ்வொரு நாளும் திரும்பி வருவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போறார், அஞ்சலா. அந்தச் சொல்லாலதான் வழக்கும் தோத்தது."

"எந்தச் சொல்லால?"

நடந்தது இதுதான். விசாரணையில் நீதிபதி கேட்டார்: வீட்டை விட்டு ஓடியபோது தாயாரிடம் என்ன சொன்னீர்கள்? அல்பேர்ட் சொன்னார்: போட்டு வாறன் எண்டு சொன்னன். மொழிபெயர்ப்பாளர் அம்மா அதைச் சொல்லுக்குச் சொல் ஜேர்மனில் சொன்னார்: 'போய்விட்டுத் திரும்பி வருகிறேன்.' நீதிபதி பேனாவை எடுத்தார். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் திரும்பி வருகிறேன் என்று சொல்ல மாட்டான், இவர் திரும்பிப் போகிற எண்ணத்தோடுதான் புறப்பட்டிருக்கிறார் என்று எழுதினார்.

"நீங்கள் எழும்பி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தைச் சொல்ல? அந்த அம்மா சரியாத்தானே மொழிபெயர்த்தவ."

அவன் அப்படித்தான் நம்பியிருந்தான். அவன் அப்பா காலையில் 'போட்டு வாறன்' என்று வேலைக்குப் போவார், மாலையில் வந்துவிடுவார். அம்மா 'போட்டு வாறன்' என்று கடைக்குப் போவார், வந்துவிடுவார். திரும்பி வராத யாரும் அவனிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

அஞ்சலா அவனைப் பார்த்த பார்வையை அவன் பிறகு மறக்கவே இல்லை.

"எங்கட ஆக்கள் ஆரப்பா 'போறன்' எண்டு சொல்லுவினம்? வாயில வராது. இனி இந்தப் பக்கமே வரமாட்டம் எண்டு தெரிஞ்சாலும் போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவம். நான் பிளேன் ஏறேக்க அம்மாட்டை அதைத்தான் சொன்னனான். திரும்பிப் போனனானோ?"

விரலில் இருந்த சேற்றை அவள் துடைத்துக்கொண்டாள்.

"உங்கட ஜேர்மன்காரர் மட்டும் என்னவாம்? பேக்கரியில பாண் தந்துபோட்டு 'அவுஃப் வீடர்சேஹன்' எண்டுகினம். என்னைத் திரும்பிப் பாக்கிற ஆசையிலயோ? இதை அண்டைக்கு ஒருக்கா வீட்டில வந்து கேட்டிருக்கலாமே, அப்புக்காத்தர்."

அவள் படியேறிப் போனாள். தேநீர் ஆறிப்போயிற்று.

டிசம்பர் நடுவில் விசாரணை. அதே மண்டபம். அதே மொழிபெயர்ப்பாளர் அம்மா. அன்ரனிற்றா கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி வந்தது. தாயாரிடம் என்ன சொன்னீர்கள்? அந்தப் பதிலும் வந்தது. நீதிபதி பேனாவை எடுத்தார்.

லக்ஸன் எழுந்தான்.

"ஒரு நிமிடம், நீதிபதி அவர்களே. இவருடைய அண்ணனின் வழக்கு இதே மண்டபத்தில் முடிந்தது. அவர் வெளியேறியபோது நீங்கள் 'அவுஃப் வீடர்சேஹன்' என்றீர்கள். மீண்டும் சந்திக்கும் வரை என்று அதற்குப் பொருள். அவரை மீண்டும் சந்திக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்ததா?"

நீதிபதியின் பேனா நின்றது.

"இல்லை," என்றார் நீதிபதி. "அது விடைபெறும் சொல்."

"இதுவும் அதுதான். எங்கள் மொழியில் வேறு சொல் இல்லை."

நீதிபதி மொழிபெயர்ப்பாளர் அம்மாவைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ஆம் என்றார். பேனா மேசைக்குத் திரும்பியது. பிறகு நீதிபதி கேட்டார், "அந்த அண்ணன் இப்போது எங்கே?"

"கால்வாயிலிருந்து எடுத்தார்கள்," என்றான் லக்ஸன்.

மத்தியானத்துக்கு முன்பே தீர்ப்பு. அன்ரனிற்றா இந்த நாட்டில் இருக்கலாம். வாசலில் அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

அன்று ஐந்து மணிக்கு லக்ஸன் பயப்படவில்லை. காத்திருந்தான். கதிரையைத் துடைத்து, அதன் மேல் ஒரு துவாயை மடித்து வைத்தான்.

ட்ர்ர்ர்ர்ர்…

க்ளக்.

சளக்… சளக்…

அல்பேர்ட் உட்காரவில்லை. வாசலோடு நின்றார்.

"அன்ரனிற்றா இங்கயே இருக்கலாம், அண்ணை. வெண்டிட்டம். அண்டைக்கு நான் சொல்லியிருக்க வேணும். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மெல்லத் தலையை உயர்த்தி மேல்தளத்தைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். மேலே ஒரு சத்தமும் இல்லை. பிறகு லக்ஸனிடம் வந்தார். அந்த வாடை மூச்சை அடைத்தது. அவனுடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துப் பொத்திக்கொண்டார். பனிக்கட்டி போல இருந்தது. தலையைக் குனிந்தபடி அப்படியே நின்றார்.

கைகளை விட்டார். திரும்பினார். போய்விட்டார்.

லக்ஸன் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். அஞ்சலா அடுப்படியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது, அஞ்சலா. எல்லாம் முடிஞ்சுது."

"மெள்ளக் கதையுங்கோ. பிள்ளை நித்திரை."

"இந்த நேரத்திலயோ?"

"மத்தியானம் தொடக்கம் சோர்ந்துகொண்டு இருந்தவள். படுத்தவள் இன்னும் எழும்பேல்லை. உடம்பு சுடேல்லை, பாத்தனான். என்ன முடிஞ்சுது?"

"அல்பேர்ட் அண்ணை இனி வரமாட்டார். இவ்வளவு நாளும் போட்டு வாறன் எண்டு சொன்னவர், இண்டைக்குச் சொல்லேல்லை."

அஞ்சலாவின் கை நின்றது.

"வேற என்ன சொன்னவர்?"

"ஒண்டும் சொல்லேல்லை. என்ர ரெண்டு கையையும் பிடிச்சவர். நன்றி சொல்லுறார் எண்டு விளங்கீச்சுது. அப்பிடியே கொஞ்ச நேரம் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவர். பிறகு பேசாமல் போயிட்டார்." அவன் சிரித்தான். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அவள் சிரிக்கவில்லை. பிட்டுக் குழலிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருந்தது. அவள் பார்வை அவன் தோளைத் தாண்டி, சாத்தியிருந்த லிசாவின் அறைக் கதவுக்குப் போனது.

"அப்பிடிக் கையைப் பிடிச்சுப்போட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் போறது… செத்த வீட்டிலயெல்லோப்பா."