சீதன வீட்டுச் சுவரில் ஓர் ஓட்டை

அக்கரைப்பற்று பஸ்ஸில் முன் சீட்டுப் பெண், "அந்த அறைக்குள்ள இன்னும் ஒரு மாசம் அடைஞ்சி கிடந்தா மவுத்துதான்" என்றபோது, யாரையோ கடத்தி வைத்திருக்கிறார்கள் என்றே நம்பினேன். பொலிசுக்கு அடிக்கப் போனை எடுத்தேன். பதற்றத்தில் திறந்தது கல்குலேட்டரை.

அடைந்து கிடப்பவர் அவளுடைய கணவர்தான். பக்கத்திலேயே, புகை இழுக்கும் ஃபேன் பெட்டியை மடியில் வைத்திருந்தார்.

"ஜன்னலத் திறந்தா கடல்காத்து விளக்கு நெருப்ப வளைக்கிது புள்ள. கண்ணாடி உருகாது, மாலைக்கு மணி செய்யேலாது."

"அறைக்குள்ள நிக்கிற புகையப் போக்கத்தானே ஃபேன் வாங்கின? பிழையான ஃபேன், திருப்பிக் குடுக்கணும் எண்டு என்னையும் இழுத்துக்கிட்டு வாறீங்க!"

"ஃபேன்ல பிழையில்ல. பூட்டுறதுக்குச் சுவர்ல ஓட்டை போடணும். மகள்ற சீதன வீட்ட மருமகன் உடைக்கிறதா எண்டு மாமி ஏசிட்டா."

"வீடு ஆர்ட பேர்ல இரிக்கி?"

"உன்ட பேர்ல."

"என்னட்டக் கேட்டீங்களா? விடிய விடிய இருமுறீங்க, முதுகத் தடவுறது என்ட உம்மாவா, நானா?"

"மாமிய எதிர்த்துக் கதைக்கேலா."

"நான் கதைக்கிறன். மேசன்ட நம்பரத் தாங்க!"

நிந்தவூரில் இறங்கினார்கள். பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு, தெருவைக் கடந்து, வந்த வழியே கல்முனைக்கு, வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினாள். அவரும் பின்னால் ஏறினார்.