எப்போலேர்ந்து நடுங்குது?

இன்னாம்மா, தலைய ஆட்டாதன்றியே, எனக்கு தலையா ஆடுது? கையில்ல ஆடுது! கை நடுக்கத்துக்கு காந்த வைத்தியம்னு டாக்டரு எழுதிட்டாரு, நீ தலமேல வைய்யி. காந்தம்னா எனக்கு இன்னா பயம்? கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லுல இருபத்திரெண்டு வருசம் காந்த கிரேன் ஓட்டுனவன் இந்த ஆசீர்வாதம். உன் காந்தம் தோசக்கரண்டி சைஸ்ல கீது. கிரேன் காந்தம் இந்த ரூம்ல பாதி இருக்கும். கரெண்ட்ட வுட்டா ஒரு டன்னு பழைய இரும்ப லபக்குனு புடிச்சிக்கும், ஆஃப் பண்ணா தொப்புனு வுட்ரும்.

எப்போலேர்ந்து நடுங்குதா? அதான் ஃபாரத்துல எழுதிக்கீதே, ரெண்டு வருசம்னு. அதுக்கும் முன்னாடியே இருந்திருக்கும்ன்றாரா டாக்டரு? ம்ம்... சொல்றேன், இரு.

மொதல்ல நல்ல சேதி கேளு. போன வாரம் அஞ்சு நாளு இத்த வச்சி டக்கு டக்குனு அடிச்சியா, ஞாயித்துக்கெழம மாதா கோயிலுக்குப் போனேன். எப்பவும் வாசப்படியாண்ட காலு ரெண்டும் ஒட்டிக்கும். பின்னால வர்ற சனமெல்லாம் நின்னுகினு கெடக்கும், ஒரே பேஜாரு. அன்னிக்கு நாம்பாட்டுக்கு உள்ள போய்ட்டேன்! எங்க ஊட்டுக்காரி ரோசம்மா பூசைய வுட்டுட்டு என் காலையே பாத்துக்கினு கீறா. மாத்திரையா? நிறுத்தலம்மா, நீ சொன்ன மாதிரியே போட்டுக்கினுதான் கீறேன்.

வெளிய பெஞ்சுல கீறானே, அவனா? பாக்கியநாதன், என் சினேகிதன். கவரப்பேட்டலேர்ந்து தெனம் அவந்தான் ஆட்டோல இட்டாறான். உள்ள வாடான்னா வரமாட்டான். கால்ல கம்பி வச்சிக்கீது, உன் மிஷினு இழுத்துக்குமாம். சிரிக்காத. எங்க மில்லுல கிரேனுக்குக் கீழ நின்னு எனக்கு சைகை காட்டுனவன். காந்தம் இன்னா பண்ணும்னு அவனுக்குத் தெரியும்.

காலா? ஆறு வருசம் ஆச்சு. என் கிரேன்லேர்ந்து இரும்பு அவன் கால்ல வுழுந்துடுச்சு. காந்தத்துக்கு கரெண்ட்டு கட்டாயிடுச்சுன்னு சொன்னேன், அப்டியே எழுதிக்கினாங்க. கரெண்ட்டு போனா ஆசீர்வாதம் இன்னாடா பண்ணுவான்னு இவன் எனக்காக ஊரெல்லாம் சண்ட போட்டான்.

கரெண்ட்டு போவலம்மா. மேல கேபின்ல நான் ஒருத்தன்தான். சுவிட்ச்சாண்ட வச்சிருந்த கை தானா தூக்கிப் போட்டுச்சு, ஆஃப் ஆயிடுச்சு. வேல போய்டும்னு பயந்துட்டேன். ஆறு வருசமா அவன் மூஞ்சிய பாக்க வெக்கமா கீது. ஃபாரத்துல ரெண்ட அடிச்சிட்டு ஆறுன்னு எழுதிக்கோ. அன்னிக்குத்தான் மொத மொதல்ல.

அய்யோ, கதவ சாத்தாதம்மா. எனக்கு தொண்டலேர்ந்து சத்தமே வர்றதில்லன்னு உனக்கே தெரியும். இன்னிக்கு இவ்ளோ கத்திக்கினு கீறேனே, உனக்காவா? மிஷின கொஞ்ச நேரம் கழிச்சி போடு, அந்த டக்கு டக்குல அவனுக்கு கேக்காது.