வலப்பக்க இருக்கை

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் அந்தச் சாப்பாட்டுக் கடையின் இரும்புக் கதவை இறக்கியாயிற்று. நாளைய ரொட்டிக்குக் குழைத்த மா ஈரத்துணிக்குக் கீழே ஊறிக்கொண்டிருந்தது. கடைசி ரயிலை விட்ட மூன்று பெண்கள் அடுப்போரம் நெருங்கி இருந்தார்கள்.

“யசோதினி ஏன் கையுறை போட்டு மா குழைக்கிறவ? மகாராணியோ?” என்றாள் லக்ஷனா.

“பகிடி பண்ணாதை. அவவின்ரை தங்கச்சி எனக்குச் சொன்னது இது,” என்று ஞானமலர் குரலைத் தாழ்த்தினாள்.

அன்று இரவு பதினொன்றே கால். புறநகரான வில்லியே லே பெல்லுக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே விளக்கில்லாத தெரு... தாழ்வான, நீல நிறப் பழைய கார். இரண்டே இருக்கை. ஐம்பது வருடங்களுக்கு முன் மலைப்பாதைப் பந்தயங்களில் ஓடியது. யசோதினியின் கணவன் உதயன் ஒரு வருடம் கராஜே கதியென்று கிடந்து அதைத் திருத்தியிருந்தான்.

விற்ற கிழவர் ரொபேர் ஒன்றுதான் சொன்னாராம். வலப்பக்கத்தில் யாரையும் ஏற்றாதே. அது செத்துப்போன என் மனைவி ஷார்லோத்தின் இடம். அங்கிருந்து, தான் பென்சிலால் எழுதிய கொப்பியைப் பார்த்து வளைவுகளை வாசிப்பாள், நான் கேட்டு ஓட்டுவேன். வீட்டில் அவள் சொன்ன ஒன்றையும் நான் கேட்டதில்லை.

உதயன் சிரித்தான். மனைவியை அங்கேயே இருத்தினான்.

பெற்றோல் மணம். சூடான எண்ணெய். பிறகு... புதிதாகச் சீவிய பென்சில். சரக்... ஒரு தாள் புரண்டது. யசோதினியின் கைகள் மடியில் வெறுமையாகக் கிடந்தன.

“கோஷ்.” இடது என்றது ஒரு பெண்குரல், அவள் தோளுக்குள்ளிருந்து. உதயன் திருப்பினான். “துருவாத்.” வலது. திருப்பினான். அந்த முகத்தில் அவ்வளவு பணிவு... பதினாறு வருடத்தில் அவள் ஒரு தடவையும் கண்டதில்லை. பயம் வருமுன் அதுதான் அவளுக்குக் கசந்தது.

நேரே போ என்றது குரல். முழு வேகம்.

அவள் தினமும் வேலைக்கு பஸ்ஸில் போகும் தெரு அது. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் முறித்துத் திரும்ப வேண்டும்.

“இஞ்சேருங்கோ, முன்னுக்கு வளைவு.”

“நீ வாயைப் பொத்து. அவ சொல்லட்டும்.”

இன்னொரு தடவை சொல்ல நேரம் இருந்தது. கத்தியிருக்கலாம். ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்திருக்கலாம். தண்ணீர்த் தாங்கி வெள்ளையாகத் தெரிந்தது... பெரிதாகியது. யசோதினி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சரக்... தாள் புரண்டது.

உதயன் அந்த இடத்திலேயே முடிந்தான். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் தாதி அவளுடைய கைகளைத் துடைத்தாள். விரல் நுனிகளில் பென்சில் கரி. சவர்க்காரத்துக்கும் போகவில்லை. மறுநாள் இன்னும் கறுத்திருந்தது.

“இண்டைக்கும் போகேல்லையாம்,” என்றாள் ஞானமலர். “கரி மாவுக்குள்ளை இறங்கும் எண்டுதான் கையுறை.”

லக்ஷனா தட்டிலிருந்த கையுறைப் பெட்டியை எடுத்தாள். வெறும் பெட்டி. கையுறை மத்தியானமே முடிந்திருந்தது. யசோதினி மா குழைத்துவிட்டுப் போனது பின்னேரம்.

ஈரத்துணியைத் தூக்க ஒருத்திக்கும் கை எழவில்லை.