நாற்பத்தாறு கணினிகளில் தம் பெயரைப் பதித்த மூ. சோலைமலை அவர்களுக்கு

தோட்டப் பாடசாலைகளுக்கான எங்கள் கணினி வள நிலையத்தின் பொறுப்பாளராகப் பத்தாண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் திருவாளர் மூக்கன் சோலைமலை அவர்களுக்கு, நிலையப் பணியாளர் நால்வரும் ஒன்றுகூடி, வந்திருக்கும் பெரியோர் முன்னிலையில் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

மலையும் மழையும் மங்கச் செய்யாத மாண்பினரே! சொன்னதைச் சொன்னபடி செய்பவரே, செய்யப்போவதை ஒன்பது தடவை சொல்பவரே! பொறுமையின் பொருப்பே, எங்கள் பொறுமையை உரசிப் பார்த்த உரைகல்லே! உங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்.

இம்மடல் எழுதப்படுவதை அறிந்ததும் நீங்கள் அனுப்பிய குறிப்பு எங்களிடம் இருக்கிறது. எழுத்தின் அளவு பன்னிரண்டு, பக்க எண் கீழே நடுவில், கோப்பின் பிரதி இரண்டு இறுவட்டுகளில் என்று அதில் கண்டிருந்தது. தமக்கு வாசிக்கப்படும் பாராட்டு மடலுக்கே அறிவுறுத்தல் எழுதியனுப்பிய முதல் மனிதர் நீங்கள்தான் என்று நம்புகிறோம். பக்க எண் போட்டிருக்கிறோம்.

அயராத அறிவுறுத்துநரே!

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு பதினொரு தோட்டப் பாடசாலைகளுக்கும் எங்கள் நிலையத்துக்குமாக நாற்பத்தாறு கணினிகள் வந்து சேர்ந்தன. லொறி ஏறாத இடங்களுக்குத் தேயிலைக் கொழுந்து ஏற்றும் உழவு இயந்திரத்திலும், அதுவும் ஏறாத இடங்களுக்கு எங்கள் தோளிலும் அவை போயின. பனிமூட்டத்தில் இறுவட்டுகளில் பூஞ்சணம் பிடிக்கிறது என்று, தேயிலை பொதியும் வெள்ளித்தாளைத் தொழிற்சாலையில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு வட்டையும் நீங்கள் மடித்துச் சுற்றினீர்கள். மடிப்பு வலப்பக்கம் வரவேண்டும். இடப்பக்கம் வந்தால் பிரித்து மறுபடியும் மடிக்கவேண்டும். நாங்கள் மடித்தோம்.

இந்த இடத்தில் சபையோருக்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. விளக்கம் சொல்லும் நோயை நீங்களே எங்களுக்குத் தொற்றவைத்தீர்கள்.

கணினியில் ஒரு மென்பொருளை ஏற்றும்போது அது நம்மைக் கேள்வி கேட்கும். எந்த மொழி, நிபந்தனைகளுக்குச் சம்மதமா, உங்கள் பெயர் என்ன, எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று, எங்கள் எழுத்து மென்பொருள் பதினான்கு கேள்விகள் கேட்டது. நாற்பத்தாறு கணினிக்கும் சேர்த்தால் அறுநூற்று நாற்பத்துநான்கு பதில்கள். கேள்விக்குக் கேள்வி காத்திருக்கவும் வேண்டும். இதற்கிடையில் தொழிற்சாலையில் தேயிலை உருட்டும் ரோலர் ஓடத் தொடங்கினால் பாடசாலையில் மின்சாரம் சோர்ந்து, கணினி அணைந்து, முதற் கேள்வியிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும்.

இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. கறுப்புத் திரையைத் திறந்து, ஏற்றும் கட்டளையின் பின்னால் ஒரு சாய்கோடும் ஆர் என்ற ஆங்கில எழுத்தும் இட்டால், நாம் ஒரு தடவை சொல்லும் பதில்களையெல்லாம் கணினி ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். அடுத்த கணினியில் அந்தக் கோப்பை வைத்து, ஆர் இருந்த இடத்தில் எஸ் இட்டால், அது ஒருவரையும் ஒன்றும் கேட்காது. பதில்களைக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொண்டு தன் வேலையைத் தானே முடித்துவிடும். ஆள் தேவையில்லை. திரையில் எதுவும் தெரியாது. முடிந்தபின் ஒரு சிறு குறிப்பு மட்டும் எழுதிவைக்கும். அதில் பூச்சியம் என்றிருந்தால் வெற்றி, வேறு எண் இருந்தால் கோளாறு.

இதைக் கண்டு எங்களுக்குக் கற்றுத் தந்தவர் நீங்கள். இன்றும் எங்களுக்கு அது வியப்புத்தான். ஆனால் ஆளே தேவைப்படாத அந்த வேலைக்கு, கணினிக்கு ஒருவராக எங்களை உட்காரவைத்தவரும் நீங்கள். எதற்கு என்று எங்களில் இளையவன் மதுரன் கேட்டதற்கு, யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ளத்தான் என்றீர்கள். ஒன்றும் தெரியாத திரையை ஒன்றும் செய்யாமல் நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி என்பதற்கும் உங்களிடம் இரண்டு பக்க அறிவுறுத்தல் இருந்தது.

றொசல்ல புகையிரத நிலையத்தில் இறங்கி மலையேறிப் போகும் பாடசாலையின் அதிபர் இராமையா, அந்தப் பூச்சியத்தைப் பார்த்துவிட்டு மூன்று தடவை மென்பொருளை அழித்து மூன்று தடவை ஏற்றினார். பிறகு தொலைபேசியில் எங்களை அழைத்தார். "மூணு தரமும் பூச்சியந்தான் சேர். எங்க பாடசாலைக்கு இது புதுசில்ல, கணக்குப் பாடத்துல வழமையா வாறதுதான்" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய பாடசாலையில் கணித ஆசிரியரே இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெயர் பெற்ற பெருந்தகையே!

பெயர் என்றதும் உங்களுக்கு விளங்கியிருக்கும்.

அந்தப் பதில் கோப்பை முதன்முதலில் நீங்கள் பதிந்தபோது, உங்கள் பெயர் என்ன என்று கணினி கேட்டது. பாடசாலை என்றோ நிலையம் என்றோ போட்டிருக்கலாம். பெயர் கேட்டால் உள்ள பெயரைச் சொல்வதுதானே முறை என்று, ஆங்கில எழுத்தில் மூ. சோலைமலை என்று போட்டீர்கள். கோப்பு அதைக் குறித்துக்கொண்டது. நாற்பத்தாறு கணினிகளுக்கும் உங்கள் பெயரே வைக்கப்பட்டது.

அன்றுமுதல் பதினொரு பாடசாலைகளில் யார் எதைத் தட்டச்சுச் செய்தாலும், அந்தக் கோப்பின் விபரப் பக்கத்தில் ஆக்கியோன் என்ற இடத்தில் உங்கள் பெயர் வந்து உட்கார்ந்தது. எங்கள் சிவதர்சினி இரண்டு மாதம் பாடுபட்டு ஆக்கிய வினாத்தாள் உங்கள் பெயரில் மாவட்டமெங்கும் போனது. தமிழ்த்தினப் போட்டியின் கவிதைகள் முப்பத்திரண்டும், ஓர் அதிபர் தம் மனைவிக்கு எழுதிய கடிதமும் நீங்கள் ஆக்கியவையே. திருத்துங்கள் சேர் என்று மாதம் ஒருமுறை கேட்டோம். முறைப்படி திருத்தவேண்டும், அவசரப்படக்கூடாது, பதினொரு பாடசாலைக்கும் பதினொரு பதில் கோப்பு தனித்தனியே பதியவேண்டும் என்றீர்கள். இரண்டு வருடங்கள் அவசரப்படாமல் இருந்தீர்கள்.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு வைகாசி மாதம், மேலிடத்துக்கு மின்னஞ்சலில் ஒரு பெட்டிசம், அதாவது முறைப்பாட்டுக் கடிதம், போனது. தோட்டப் பாடசாலைகளின் வரவுப் பதிவேட்டில் பெயர் இருந்தும் நகரப் பாடசாலைகளில் படிப்பித்துக்கொண்டிருந்த பதினேழு ஆசிரியர்களின் விபரம், பாடம், திகதி எல்லாம் அதில் இருந்தன. கீழே கையெழுத்து இல்லை. ஒரு நலன்விரும்பி என்று மட்டும் இருந்தது. மேலிடத்தில் யாரோ ஒரு லிகிதர் கோப்பின் விபரப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். நலன்விரும்பியின் பெயர் மூ. சோலைமலை என்றிருந்தது.

விசாரணைக்கு வருமாறு உங்களுக்குக் கடிதம் வந்தது. எழுதியவர் யாரென்று தெரிந்தால் அவர் இடமாற்றப்படுவார், நிரந்தரமாகாத நியமனம் என்றால் வீட்டுக்கே போவார் என்பதை எல்லோரும் அறிவார்கள்.

விசாரணைக்கு முதல்நாள் காலைத் தேநீர் வேளையில் நாங்கள் நால்வரும் உங்கள் மேசைமுன் வந்து நின்றது நினைவிருக்கும். பிரேமினிதான் வாயெடுத்தாள். "சேர், அந்தக் கடிதம்…" என்பதற்குள் நீங்கள் கையை உயர்த்தினீர்கள்.

"இருங்க. நாளைக்கு என்னையக் கேப்பாங்க. தெரிஞ்சத மறைக்க எனக்கு வராது. தெரியாதத தெரியாதுனு சொல்ல நல்லா வரும். அத கெடுத்துடாதீங்க" என்றீர்கள். பிறகு, பிரேமினியின் கணினிக்குப் போகும் வயர் தளர்ந்திருப்பதாகவும் போய்ப் பார்க்கும்படியும் சொன்னீர்கள். வயர் தளர்ந்திருக்கவில்லை.

மறுநாள் நுவரெலியாவுக்கு எங்களில் உங்களோடு வந்தவன் றமணன். அவன் கண்டதை நாங்கள் நூறு தடவை கேட்டிருக்கிறோம். எழுதியது நீங்களா என்று அதிகாரி சிங்களத்தில் கேட்க, இல்லை என்று சிங்களத்தில் சொன்னீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் பெயர் எப்படி வந்தது என்று அவர் கேட்டதுதான் அவர் செய்த பிழை. இரண்டரை மணித்தியாலம் விளக்கினீர்கள். விளக்கம் போதவில்லை என்று தோன்றவே, அனுமதி பெற்று, அவருடைய மேசைக் கணினியிலிருந்த எழுத்து மென்பொருளை அழித்தீர்கள். வெள்ளித்தாளைப் பிரித்து இறுவட்டை எடுத்து, சாய்கோடும் எஸ்ஸும் இட்டு, கைகட்டி நின்றீர்கள். அரைமணி நேரம் திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது நடக்கிறதா என்று அதிகாரி நான்கு தடவை கேட்டார். நடக்கிறது என்று நான்கு தடவையும் சொன்னீர்கள். இறுதியில் பூச்சியம் வந்தது. ஏதாவது எழுதுங்கள் என்றீர்கள். அதிகாரி தம் சொந்தப் பெயரையும் விலாசத்தையும் எழுதிச் சேமித்து, விபரப் பக்கத்தைத் திறந்தார். ஆக்கியோன், மூ. சோலைமலை.

எழுதியவர் யாரென்று தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றீர்கள். உண்மை. யார்மீதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். சந்தேகம் என்றால் அந்தக் கணினிகளைத் தொடக்கூடிய எல்லோர்மீதும் படவேண்டும், பெயர்களைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்று, உங்கள் பெயரில் தொடங்கி, இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பாடசாலைவாரியாகச் சொல்லத் தொடங்கினீர்கள். முப்பத்தோராவது பெயரில் அதிகாரி பேனையை மூடினார். வள நிலையம் உங்கள் பட்டியலில் கடைசியில் இருந்தது.

பெட்டிசத்துக்குப் பலன் கிடைத்தது. பதினேழு பேரில் பதினொருவர் தத்தம் பாடசாலைக்குத் திரும்பினார்கள். இராமையா அதிபருக்குக் கணித ஆசிரியர் கிடைத்தார். அடுத்த வருடம் அங்கே ஒன்பது பிள்ளைகள் கணிதத்தில் சித்தியடைந்தார்கள்.

உங்களுக்கும் பலன் கிடைத்தது. அரச உடைமையில் சொந்தப் பெயரைப் பதித்தமைக்காக எழுத்துமூல எச்சரிக்கை வந்தது. முதலாம் தரப் பதவியுயர்வு நிறுத்தப்பட்டது. மேன்முறையீடு செய்யுங்கள் என்று கெஞ்சினோம். "தப்பு என்னோடதுதானே. பேர் கேட்ட எடத்துல பாடசாலைப் பேரப் போட்டிருக்கணும்" என்றீர்கள். இரண்டாம் தரத்திலேயே இன்று ஓய்வு பெறுகிறீர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எங்களுக்கு உங்கள்மீது வருவது கோபம். எங்கள்மீது வருவதற்குப் பெயர் வேறு.

அதன்பின் ஒவ்வொரு ஆண்டும் உங்களிடம் சொல்ல வந்தோம். ஒவ்வொரு ஆண்டும் கையை உயர்த்தினீர்கள். கோப்பு இன்னும் மூடப்படவில்லை, மறுபடியும் கேட்பார்கள் என்றீர்கள். ஐந்தாண்டுகள் ஒரே அறையில், ஒரே கேத்தலில் தேநீர் குடித்துக்கொண்டு, ஒரு மனிதருக்கு நன்றி சொல்ல முடியாமல் இருப்பது எவ்வளவு எரிச்சலானது என்பதற்கு மட்டும் நீங்கள் அறிவுறுத்தல் எழுதவில்லை.

அன்புக்குரிய அழுத்தக்காரரே!

அந்த விசாரணைக் கோப்பு மூடப்பட்டதாகக் கடந்த மாதம் கடிதம் வந்தது. பிரேமினிக்கும் மதுரனுக்கும் நியமனம் நிரந்தரமாகிவிட்டது. ஆகவே இப்போது சொல்லப்போகிறோம். கையை உயர்த்தாதீர்கள். வாசித்துக்கொண்டிருப்பவரை இடைமறிப்பது சபை மரியாதை அல்ல.

அந்தப் பெட்டிசத்தை எழுதியவர்கள் நாங்கள். இந்த அறையில், சன்னலோரக் கணினியில் எழுதினோம். எந்தக் கோப்பிலும் உங்கள் பெயர் வரும் என்று இருநூறு ஆசிரியர்களுக்குப் படிப்பித்த நாங்கள், அன்றைக்கு அவசரத்தில் அதை மறந்துபோனோம். உங்கள் பதவியுயர்வு அந்த மறதிக்குப் போனது.

மகள் வீட்டுக்கு, கொத்மலைக்குப் போகிறீர்கள். அங்கே முழங்கால் வலி தணியட்டும். மூச்சு இளைக்காமல் மேடு ஏறுங்கள். நூறாண்டு கடந்தும், கேட்காதவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே வாழுங்கள். கேட்க ஆளில்லாவிட்டால் எங்களை அழையுங்கள்.

ஒரு குறை மட்டும் வைத்துவிட்டோம். இனி யாராவது உங்களிடம் கேட்டால், தெரியாது என்று உங்களால் சொல்ல முடியாது. தெரிந்ததைச் சொல்லுங்கள். பெயர்களைப் பிழையின்றிச் சொல்ல வசதியாக, இரண்டாயிரத்து நான்கில் போடாத கையெழுத்தை இதன்கீழ் போடுகிறோம்.

கந்தையா சிவதர்சினி, பெயர்களையும் திகதிகளையும் திரட்டியவர்

பேரின்பநாயகம் றமணன், வசனம் எழுதியவர்

வீரய்யா பிரேமினி, தட்டச்சுச் செய்தவர்

இராமையா மதுரன் (அதிபர் இராமையாவின் மகன்), மின்னஞ்சலில் அனுப்பியவர்

30.12.2009