கொரியாவில் ஒரு கோடாங்கி

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, போனில் கொரியத் தொடர் ஒன்றைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"இந்தப் பொண்ணும் உங்கப்பா மாதிரி கோடாங்கிதான்டி. என்ன, உடுக்கைக்குப் பதிலா மணியை ஆட்டிக் குறி சொல்றா," என்றாள் இந்த ஓரத்தில் இருந்தவள்.

சன்னலோரத்துப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது தெரிஞ்சும் அந்தப் பையன் அவளை விட்டுப் போகலை, பாத்தியா?"

"அவ கையைப் பிடிச்சிருந்தாத்தான் அவனுக்குச் சாவு வராதாம். பெறகு எங்கிட்டுப் போவான்?"

சின்னமனூர் தாண்டியதும் அவளே குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உன் ஆளு பேசுனானா?"

"இல்ல. எங்கப்பா கோடாங்கின்னு சொன்னதுல இருந்து போனே எடுக்க மாட்டேங்குறான். உடுக்கை அடிச்சா எங்க விசயம் அப்பாவுக்குத் தெரிஞ்சிருமாம். பயப்படுறான்."

"தெரிஞ்சிருமாடி?"

"நேத்து அப்பா முன்னாடி உக்காந்துதான் அழுதேன். பரிச்சைப் பயம்னு அவுகளே சொல்லி, நெத்தி நெறையத் திருநீறு பூசிவிட்டாக."