ஏழாவது செல்

களுபோவிலையில் ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பாமசியில் மாதம் இரண்டு போத்தல் ஸ்கேன் ஜெல் வாங்குவேன். "வைஃபுக்கு எத்தின மாசம்?" என்று கவுண்டரில் இருக்கும் ரிஸ்னா ஒருமுறை கேட்டாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, ஜெல் பற்றரிக்கு என்றேன். அன்றிலிருந்து "பற்றரி சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போத்தலைத் தருவாள்.

சிரிக்கலாம், இன்ஸ்பெக்டர். ஆனால் வேலை உண்மையிலேயே அதுதான். பற்றரி செல்லின் இரு பக்கமும் ஜெல் பூசி, ஒரு பக்கத்தால் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்ப வேண்டும். மறுபக்கத்தால் வெளியே வரும் அலை திரையில் தெரியும். நல்ல செல் ஒலியை அப்படியே கடத்தும். உள்ளே வாயு கட்டத் தொடங்கினால் அலை சுருங்கிவிடும். வோல்ட் மீற்றர் அதைக் காட்டாது. கருவியை நானே செய்தேன். பல்கலைக்கழகத்தை மூன்றாம் வருடம் விட்டவன், கோல் சென்ரர் இரவு வேலையையும் பாதியில் விட்டவன், முழுதாகச் செய்து முடித்தது அது ஒன்றைத்தான்.

வெள்ளவத்தையில் புவாத் நானாவின் கடையில் பழைய செல்களைச் சேர்த்து, கரண்ட் போனால் வீட்டில் பாவிக்கும் பெட்டிகள் செய்வோம். பெட்டிக்குப் பதினாறு செல். கடைக்கு வந்து பெட்டி கேட்ட கௌரி அக்காவுக்காகக் கட்டியதில் ஏழாவது செல்லின் அலை பாதிதான் இருந்தது. இது வெடிக்கும் என்று நானாவிடம் சொன்னேன்.

"வோல்ட் சரியா ஈக்கி," என்றார். "ஒங்கட ஸ்கேன் என்ன செல்லுது, ஆம்புளயா பொம்புளயா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்ல பகிடி.

மூன்று நாள் அளந்தேன். அலை இன்னும் சுருங்கியது. நாலாம் நாள் நானா ஒரு புது செல்லைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

"கோவிச்சிக்காதீங்க கஜீவன். அந்த ஏழ மாத்திப் போடுங்க. ஒங்கட மிசின நம்பி இல்ல. ஒங்கட மொகத்தப் பாக்க ஏலா."

மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் மாற்றினால் பெட்டி வெடிக்காது. வெடிக்காவிட்டால் கருவியை எவர் நம்புவார்? புது செல்லை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

கௌரி அக்கா வடைப் பொட்டலத்தோடு வந்தார். அவருடைய அப்பா ஸ்ரீஸ்கந்தராசா பக்கத்து ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், ஒட்சிசன் இயந்திரத்தோடு படுத்திருந்தவர். கரண்ட் போனால் அவருக்கு மூச்சு முட்டும்.

"தம்பி, எனக்கும் ஒருக்கா அந்த அலையக் காட்டுங்கோவன்."

ஒவ்வொரு செல்லாகக் காட்டினேன். ஏழாவதைத் தொடவில்லை, ஆறாவதில் இரண்டு தடவை வைத்தேன். அக்கா திரையைத்தான் பார்த்தார். எல்லோரும் திரையைத்தான் பார்ப்பார்கள்.

"அப்பான்ர கட்டிலடியில வைக்கலாமோ?"

"ஓம் அக்கா. வயர் நீளம் காணாது, கிட்டவே வையுங்கோ."

"நீங்கள் பாத்தாப் பிறகு எனக்கென்ன பயம்."

என் கருவியை முதன்முதலில் நம்பியவர் அவர்தான். வடையும் நல்ல சூடு. தின்றுவிட்டுக் கணக்குப் போட்டேன். கடைக் கலண்டரில் ஒன்பதாம் நாளைப் பென்சிலால் வட்டமிட்டேன்.

வெடித்த காலையில் அக்கா மீன் வாங்கப் போயிருந்தார். சத்தம் கடைக்கே கேட்டது. ஒட்சிசனுக்குப் பக்கத்தில் நெருப்பு எப்படிப் பிடிக்கும் என்பது எனக்கு முன்பே தெரியும். நானா தலையில் கைவைத்து அழுதார். "நீங்க செல்லித்தானே ஈந்தீங்க," என்றார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவும்.

ஆகவே ஸ்ரீஸ்கந்தராசாவைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். நானாவை விட்டுவிடுங்கள். எனக்கு மனச்சாட்சி இல்லை என்று மட்டும் எழுத வேண்டாம். ஒன்பதாம் நாள் என்று கணித்தேன், பத்தாம் நாள்தான் வெடித்தது. அந்த ஒரு நாள் எங்கே பிழைத்தது என்று நினைத்து நினைத்து எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்குவதில்லை.